விடை யாருடையது?

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஏரியைப் பற்றிப் பேசும்போது தவிர அந்தப் பெயரை வெளியூர்க்காரர்கள் உச்சரிப்பதில்லை. ஆனால் மாற்றுத்திறன் மாணவர்களின் தேர்வு என்ற இந்தக் கட்டுரையின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில், பூந்தமல்லியில், பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. அதே ஊரில் டிரங்க் ரோட்டில், டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் 1988 முதல் இயங்குகிறது. அங்கிருந்து அயனம்பாக்கம், அம்பத்தூர்ப் பக்கம் திரும்பினால், வங்கித் தேர்வுக்கும் ஜேஇஇக்கும் கணினிகளை வரிசை வரிசையாகப் போட்டு வைத்திருக்கும் தேர்வு மையங்கள்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். பூந்தமல்லிப் பக்கம், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கணினியைப் பழகிக்கொண்ட ஒருவர், வங்கித் தேர்வுக்காக அம்பத்தூர்ப் பக்கம் போய் உட்கார்ந்தால், எதிரே இருக்கும் கணினி அவரிடம் வாய் திறக்காது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி உண்டு. அது ஓரளவாவது பார்வை இருப்பவருக்கு. முழுப் பார்வையும் இல்லாதவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கிரைப் உட்காருவார். திரையில் உள்ளதை அவர் வாசிப்பார், இவர் சொல்லும் விடையில் அவர் மவுஸைச் சொடுக்குவார். பெயர் கணினித் தேர்வு. கணினியைத் தொடாமலே தேர்வர் எழுந்து வந்துவிடுவார்.

தீவிர மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களைக் கணினிக் கருவிகளால் மதிப்பிடுவது பற்றிய பேச்சில் பெரும்பகுதி கருவிகளைச் சுற்றியே நடக்கிறது. விழி அசைவைப் பின்தொடரும் கேமரா, ஊதினால் இயங்கும் குழாய், பேச்சை எழுத்தாக்கும் செயலி என்று பட்டியல் நீளும். அதெல்லாம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தாளில் விழும் மதிப்பெண் யாருடையது என்பது. மாணவருடையதா, பக்கத்தில் எழுதியவருடையதா, கையைப் பிடித்துக்கொண்டவருடையதா, கருவியுடையதா? ஒரு கருவி இந்தக் கேள்விக்குத் தெளிவு தருமானால் எவ்வளவு விலையும் தகும். தராவிட்டால் இலவசமாகக் கிடைத்தாலும் அதனால் பயனில்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இனி வருவதைப் பார்க்கப் போகிறோம்.

ஸ்கிரைப் எழுதிய தமிழ்

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு நெடுங்காலமாக உள்ள சலுகைகள் தெரிந்தவையே: சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு. இவற்றால் பல்லாயிரம் பேர் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தாண்டி வந்திருக்கிறார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் தமிழ்த் தேர்வில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மாணவர் ஒரு சொல்லைச் சொல்கிறார். அதில் வருவது றகரமா ரகரமா, மூன்று சுழி ணகரமா இரண்டு சுழி னகரமா என்பதைத் தீர்மானிப்பது எழுதுகிறவரின் கை. மாணவருக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருந்து ஸ்கிரைப் கோட்டைவிட்டால் மதிப்பெண் போகும். மாணவருக்குத் தெரியாமலிருந்து ஸ்கிரைப் கெட்டிக்காரராக இருந்தால் மதிப்பெண் வரும். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் என்று ஆசிரியர் ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தியிருப்பார். தேர்வில் அது அளக்கப்படவே இல்லை. பிரெய்ல் படித்த மாணவருக்கு எழுத்து எழுத்தாகச் சொல் தெரியும், ஏனென்றால் ஆறு புள்ளிகளில் ரகரமும் றகரமும் வேறு வேறு. ஒலிப்பதிவைக் கேட்டே படித்தவருக்கு அப்படித் தெரிய வாய்ப்பில்லை. இந்த இரண்டு மாணவர்களுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் ஸ்கிரைப் எழுதிய தாளில் மறைந்துபோகிறது.

கணக்கிலும் இதே சங்கடம். கூட்டலின் நடுவே மனதில் வைத்துக்கொண்ட எண்ணை மறந்துவிட்டால், பார்வையுள்ள மாணவர் இரண்டு வரி மேலே பார்த்துக்கொள்வார். சொல்லி எழுதவைக்கும் மாணவர் “மறுபடி வாசிங்க” என்று கேட்க வேண்டும். நான்காவது முறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவதும் உண்டு என்று சிறப்பாசிரியர்கள் சொல்வார்கள். ஆக, அங்கே அளக்கப்படுவதில் கூச்சமும் சேர்ந்துவிடுகிறது.

தாமே தட்டச்சு செய்ய அனுமதித்தால் இந்தக் குழப்பங்களில் பாதி தீரும். அதற்குச் சட்டத்தில் இடமில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்கள், பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, விடையை ஒலிப்பதிவு செய்தல் என்று எந்த முறையில் எழுதுவது என்ற தேர்வை இயன்றவரை மாணவரிடமே விடச் சொல்லியிருந்தன. கணினியில் எழுதுபவர் ஒரு நாள் முன்னதாகவே வந்து கணினியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றும் அதில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பதும் அதிலிருந்து வந்ததுதான். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 17-இல், பாடத்திட்டத்தையும் தேர்வு முறையையும் இவர்களுக்கேற்ப மாற்றுவதை அரசின் கடமையாக்கியது. 2018-இல் சிபிஎஸ்இ ஒரு படி மேலே போனது. மருத்துவரின் பரிந்துரை இருந்தால் மாணவர் தம் மடிக்கணினியைக் கொண்டுவரலாம், எல்லாம் அழித்துச் சுத்தமாக்கப்பட்டதா என்று கணினி ஆசிரியர் பார்ப்பார், இணையம் கூடாது, வினாவைக் கேட்கவும் பெரிதாக்கிப் பார்க்கவும் விடையைத் தட்டவும் மட்டும் பயன்படுத்தலாம்.

நீதிமன்றங்களும் அழுத்திச் சொல்லிவிட்டன. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் ஸ்கிரைப் மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீத ஊனம் என்ற வரையறையைக் காட்டி வசதியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு: எழுதுவதில் கற்றல் குறைபாடு உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் நேரம் தரப்படவில்லை, அது உரிமை மீறல் என்றது நீதிமன்றம். ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை அனுமதிப்பதற்குக் கொள்கை அளவில் முடிவெடுத்திருப்பதாக 2025-இல் யுபிஎஸ்சியே உச்ச நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது.

ஆகவே விதிக்குப் பஞ்சமில்லை. கணினி வாசிக்கக்கூடிய தமிழ் வினாத்தாளுக்குத்தான் பஞ்சம்.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

எங்கோ ஒரு பள்ளி, ஒரு மாணவருக்காக மெனக்கெட்டு, அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைக் கணினிக் கோப்பாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்றும் புழங்கும் எழுத்துரு அது. திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள்ளே உட்கார்ந்திருப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஒரு செமிகோலனும். கண் படத்தைப் பார்க்கிறது, ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. மாணவர் காதில் விழுவது தமிழே அல்ல. முழு வினாத்தாளும் இப்படித்தான் ஒலிக்கும்.

தமிழக அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி. ஆனாலும் அச்சுக்குப் போகும் கோப்புகளில் பழைய எழுத்துருக்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அச்சாகிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்பதே காரணம். பாதிக்கப்படுகிறவர்கள் கண்ணால் படிக்காதவர்கள் மட்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் படம். ஒரு வார்த்தைகூட வராது. படம் என்றதும் இன்னொன்று: ‘கீழ்க்காணும் படத்தைப் பார்த்து விடையளி’ வகை வினாக்களுக்குப் பதிலாக, பார்வையற்ற மாணவர்களுக்கென்று தனி வினாக்களைச் சிபிஎஸ்இ தன் வினாத்தாளிலேயே அச்சிடுகிறது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் எதை அளக்கிறோம் என்று வினாத்தாள் தயாரிப்பவரை ஒருமுறையாவது யோசிக்க வைக்கிறது.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் இலவசம், தமிழும் வாசிக்கும். அதோடு வரும் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும் என்பது உண்மை. பழகியவர்கள் அதையே மூன்று மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்கிறார்கள். நமக்குத்தான் ஒன்றும் புரியாது. ஐஐடி மெட்ராசில் ஹேமா மூர்த்தியின் குழு வழிநடத்திய கூட்டுமுயற்சியில் இதைவிட இயல்பான தமிழ்க் குரல்களும் வந்துவிட்டன. ஒரு குரல் ‘பல்லி’யையும் ‘பள்ளி’யையும் பிரித்துச் சொல்லத் தடுமாறினால், அம்புக்குறி விசையால் எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டுக்கொள்ளலாம். எழுத்துப்பிழை இப்போது மாணவருடைய பிழை. நியாயம் என்பது அதுதான்.

ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்டு முழுக்க ஸ்கிரைப்பை நம்பிப் படித்தவரைத் தேர்வு நாளன்று விசைப்பலகை முன் உட்கார வைத்தால் அது அநியாயம். அவருக்குச் சரித்திரம் தெரியுமா என்பதை விட்டுவிட்டுத் தட்டச்சு தெரியுமா என்று சோதிப்பதாகிவிடும். எந்தக் கருவியில் வகுப்பில் குறிப்பெடுத்தாரோ, வீட்டுப்பாடம் செய்தாரோ, அதே கருவிதான் தேர்விலும் வர வேண்டும். இது பார்வையற்றோருக்கு மட்டும் பொருந்துவதல்ல.

மூன்று நிமிடத்துக்கு ஒரு சொல்

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மாணவியை எண்ணிப்பாருங்கள். பேச்சு தெளிவாக வராது, விரல்கள் சொன்னபடி கேட்காது. புத்தி கூர்மையாக இருக்கலாம், சராசரியாக இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். பார்த்ததும் யாராலும் சொல்ல முடியாது என்பதே மதிப்பீட்டின் சிக்கல்.

பழைய சோதனைகள் இவர்களுக்கு இழைத்த அநீதி பெரிது. நம் மருத்துவமனைகளில் இன்றும் காணக் கிடைக்கும் செகுவின் பலகையை எடுத்துக்கொள்வோம். பத்து வடிவ மரக்கட்டைகள். பலகையில் அவற்றுக்கேற்ற பத்துக் குழிகள். குழந்தை எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறது என்று மூன்று முறை நேரம் பார்த்து, அதில் சிறந்த நேரத்தை வைத்து மனவயதைக் கணிப்பார்கள். கை நடுங்கும் குழந்தைக்கு நட்சத்திரத்தின் குழி எது என்று முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கலாம். கட்டையைத் தூக்கிக் கொண்டுபோய் வைப்பதற்குள் நேரம் ஓடிவிடும். தாளில் ‘மனவயது குறைவு’ என்று விழும். அந்தத் தாள் அவள் கூடவே பள்ளிக்கும் வரும்.

அதே சோதனையைத் திரையில் வைத்து, பத்துக் குழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரவிட்டு, சரியானது ஒளிரும்போது ஒரு பெரிய பொத்தானைத் தலையாலோ முழங்கையாலோ அழுத்தச் சொன்னால், கை என்ற தடை விலகுகிறது. இதற்கு ஸ்கேனிங் என்று பெயர். இந்த ஒற்றைப் பொத்தானைச் சிறப்பாசிரியர்கள் ‘ஸ்விட்ச்’ என்பார்கள். மரக்கட்டைச் சோதனைக்கான பழைய அட்டவணையை இதற்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்; வேறு முறையில் எடுத்த நேரத்தை அந்த எண்களோடு ஒப்பிட்டால் இன்னொரு பொய் பிறக்கும். பார்க்க வேண்டியது, பத்தில் எத்தனை சரி என்பதை மட்டுமே.

சென்னை இதில் முன்னோடி. பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய, இன்று வித்யாசாகர் என்று அறியப்படும் அமைப்பு, பேச முடியாத குழந்தைகளுக்குப் படப்பலகையும் ஸ்விட்சும் கொடுத்துப் படிக்கவைத்து வந்தது. அந்த அனுபவத்தைக் கூர்ந்து பார்த்துத்தான், ஐஐடி மெட்ராசில் படித்த அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை 2010 வாக்கில் உருவாக்கினார். படத்தைத் தொட்டால் சொல் ஒலிக்கும். முதலில் தனிக் கருவியாக இருந்து, பிறகு டேப்லெட் செயலியாக மாறி, தமிழிலும் வந்தது. மதிப்பீட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல அது. ஆனால் தினமும் அதில் பேசுகிற குழந்தைக்கு நல்ல தேர்வுக் கருவியும் அதுவே.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ‘கூடுதல் நேரம் கொடுத்தாயிற்றே’ என்ற பதில் எப்போதும் தயாராக வரும். ஆறுக்கு ஆறு கட்டங்களில் தமிழ் எழுத்துகள். முதலில் வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும், மாணவி அழுத்துவாள்; பிறகு அந்த வரிசையின் கட்டங்கள் ஒளிரும், மறுபடி அழுத்துவாள். சராசரியாக ஓர் எழுத்துக்கு ஏழு ஒளிர்வுகள் ஆகும். ஒவ்வொன்றும் இரண்டு நொடி என்றால் 14 நொடி. ‘செம்பரம்பாக்கம்’ என்ற சொல்லுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையில் 12 தட்டல்கள். மொத்தம் 168 நொடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூட்டிக் கொடுத்தாலும், இந்த நீளத்துச் சொற்கள் 85 தேறும். ஒரு நெடுவினாவுக்குக்கூடக் காணாது. இதுவும் ஒரு பிழையில்லாமல் அழுத்தினால். சொல்லை முன்கூட்டியே ஊகித்துக் காட்டும் வசதி இருந்தால் பாதியாகக் குறையலாம், அப்போதும் போதாது.

ஆகவே நேரத்தைக் கூட்டுவது இவர்களுக்குத் தீர்வாகாது. வினாவின் வடிவம்தான் மாற வேண்டும். ‘காரணம் கூறுக’ என்பதை நான்கு காரணங்களில் சரியானதைத் தேர்ந்தெடுப்பதாக, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதாக, வரைபடத்தில் இடம் காட்டுவதாக மாற்றலாம். ஒரு மூச்சில் முடிக்க வேண்டிய தேர்வை நான்கு நாளாகப் பிரிக்கலாம். தரம் இறங்கிவிடும் என்பார்கள் சிலர். ஜேஇஇ முதன்மைத் தேர்வு பெரும்பாலும் சரியானதைச் சொடுக்குகிற தேர்வுதான். அதன் தரத்தைப் பற்றி இவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிடித்த கை

விடை யாருடையது என்ற கேள்வி மிகக் கசப்பாக எழுந்த இடம் ஒன்று உண்டு. பேசாத ஆட்டிசக் குழந்தையின் கையையோ தோளையோ ஓர் உதவியாளர் தாங்கிப் பிடிக்க, குழந்தை விசைப்பலகையில் தட்டுவது ‘ஃபெசிலிட்டேட்டட் கம்யூனிகேஷன்’ எனப்படும் முறை. ஆஸ்திரேலியாவில் 1970-களில் தோன்றி, 1990 வாக்கில் அமெரிக்காவில் காட்டுத்தீயாகப் பரவியது. ஒன்றும் தெரியாது என்று நினைத்த பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், அல்ஜீப்ரா போட்டார்கள். பெற்றோரின் கண்ணீரை யார் சந்தேகிப்பார்கள்?

பிறகு ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். குழந்தைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. சாவியைப் பார்த்த குழந்தை ‘கோப்பை’ என்று தட்டியது, ஏனென்றால் உதவியாளர் பார்த்தது கோப்பை. 1990-களில் இப்படி நடத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்ப இதே முடிவைத் தந்தன. உதவியாளர்கள் ஏமாற்றவில்லை, தாங்கள் கையை நகர்த்துவது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் 2018-இல் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. இந்தியத் தாய் சோமா முகோபாத்யாய் தம் மகனுக்காக உருவாக்கிய, இங்கும் பல பெற்றோர் நம்பும் ஆர்பிஎம் முறையையும் அதே ஆண்டு பரிந்துரைக்க மறுத்தது. அதில் கையைப் பிடிப்பதில்லை. ஆனால் எழுத்துப் பலகையை உதவியாளர் காற்றில் பிடித்திருப்பார்.

இதைக் காட்டி, பேசாத குழந்தைகளுக்கு அறிவில்லை என்று முடிவு கட்டுவது அபத்தம். நம்பத்தகுந்த விடை வேண்டுமென்றால் கருவி மேசையில் அசையாமல் நிற்க வேண்டும், மாணவர் தொடுவது அவராகவே தொடுவதாக இருக்க வேண்டும் என்பதே பாடம். நிலையாகப் பொருத்திய டேப்லெட், ஸ்விட்ச், விழி அசைவுக் கேமரா ஆகியவற்றின் உண்மையான மதிப்பு இங்கேதான். அவை நடுவில் இருக்கும் மனிதரை விலக்குகின்றன. விடை எத்தனையாவது நொடியில் வந்தது, முதலில் எதைத் தொட்டுப் பிறகு மாற்றினார் என்பதையும் பதிந்து வைக்கின்றன. ஓர் உதவியாளரால் அது முடியாது.

360 வரிகள்

இதுவரை பேசியது பாடத்தைப் படிக்கக்கூடிய, ஆனால் விடையை வெளியே கொண்டுவர வழியில்லாத மாணவர்களைப் பற்றி. தீவிர அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் கதை வேறு. இவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு பொருத்தமான அளவுகோலே அல்ல.

இதிலும் சென்னைக்கு ஒரு பழைய பெருமை உண்டு. விஜய் ஹியூமன் சர்வீசஸ் அமைப்பின் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் 1970-களில் உருவாக்கிய ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் புழங்குகிறது. எம்டிபிஎஸ் என்றால் எந்தச் சிறப்பாசிரியருக்கும் தெரியும். சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு, எண், காசு, நேரம் என்று 18 துறைகள், ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினத்துக்கு 20 வரிகள், ஆக 360. செய்கிறானா, இல்லையா என்பதை மட்டும் குறிக்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பீடு கிடையாது. போன காலாண்டில் செய்யாததை இந்தக் காலாண்டில் செய்கிறானா என்பதே கேள்வி. அரை நூற்றாண்டுக்கு முன் போட்ட அந்தச் சட்டகம் இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம், அது குழந்தையைக் குழந்தையோடு மட்டும் ஒப்பிட்டதுதான்.

இந்த வகைச் சரிபார்ப்புப் பட்டியல்களைக் கணினிக்குக் கொண்டுவரும் முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது, திருவனந்தபுரம் சி-டாக் உருவாக்கிய ‘புனர்ஜனி’. மதிப்பீடு, அதிலிருந்து தனிநபர் கல்வித் திட்டம், பிறகு முன்னேற்றம் என்று சிறப்பாசிரியருக்கு எழுத்து வேலையைக் குறைக்கும் இணையக் கருவி அது. நல்ல காரியம். ஆனால் ‘தானே சட்டைப் பொத்தான் போடுகிறான்’ என்ற வரியில் டிக் அடிப்பது பேனாவால் ஆனாலும் மவுஸால் ஆனாலும், பார்த்தவர் ஆசிரியர்தான். ஆசிரியர் அசதியில் அடித்த டிக்கைக் கணினி அழகான வரைபடமாக்கிக் காட்டும், உண்மையாக்காது. என்சிஇஆர்டி 2022-இல் வெளியிட்ட ‘பிரஷஸ்த்’ செயலிக்கும் இந்த எல்லை உண்டு. 21 வகை ஊனங்களுக்கான முதற்கட்டச் சல்லடை அது. வகுப்பாசிரியர் முதல் பகுதியை நிரப்புவார், சிறப்பாசிரியர் அடுத்ததை. அதோடு நின்றுவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது ஒரு பெயர்ச்சீட்டு மட்டும்.

குழந்தையே நேரடியாகக் கணினியில் விடையளிக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது அமெரிக்கா. வழக்கமான தேர்வை எழுத இயலாதவர்களுக்கு மாற்று மதிப்பீடு கட்டாயம் என்று 1997-இலேயே அங்கே சட்டம் வந்தது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மையம் கொண்ட ‘டைனமிக் லேர்னிங் மேப்ஸ்’ என்ற கூட்டமைப்பு 2010-இல் தொடங்கி, 2014-15 கல்வியாண்டில் தேர்வுகளை நடத்தத் தொடங்கியது. முதலில் ஆசிரியர் ஒரு படிவம் நிரப்புவார்: இந்த மாணவர் பேசுவாரா, சைகையா, கண்ணால் காட்டுவாரா, கணினியை எப்படித் தொடுவார்? அதைப் பொறுத்தே எந்தப் படியில் தொடங்குவது என்று முடிவாகும். ஒரே பாடக் குறிக்கோளுக்கு ஐந்து படிகள் உண்டு. வினாக்கள் மூன்று முதல் ஒன்பது வரை கொண்ட சின்னச் சின்னக் கொத்துகளாக வரும். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் குழந்தையின் கவனத்தை ஈர்க்க ஒரு சிறு செயல். கடிகாரம் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த முதல் படிவம்தான். எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் கேட்பதில்லை என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலரிடமும் ஊனத்தின் சதவீதம் எழுதிய அட்டை இருக்கிறது. ‘ஆம்’ என்பதை இந்தக் குழந்தை எப்படிச் சொல்லும் என்று எழுதிய தாள் எத்தனை பள்ளிகளில் இருக்கும்? அதே சமயம் கன்சாஸ்காரர்களும் ஓரிடத்தில் கணினியை நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து படிகளில் மிக அடிப்படையான படியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆசிரியரே பொருள்களைக் கையில் கொடுத்துச் சோதித்து, கண்டதைக் கணினியில் பதிகிறார். படத்தைப் பொருளுக்கான குறியீடாக இன்னும் புரிந்துகொள்ளாத குழந்தைக்குத் திரையில் ஆப்பிள் காட்டுவதில் அர்த்தமில்லை. கையில் கொடுக்க வேண்டியது ஆப்பிளையே.

பள்ளிக்கு வர முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளையும் பூந்தமல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் பதிவேடும் செல்போனும் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு என் பரிந்துரை ரொம்பச் சாதாரணமானது: பெற்றோர் சம்மதத்தோடு, ஜூனில் இரண்டு நிமிடம், டிசம்பரில் இரண்டு நிமிடம், ஒரே செயலைச் செய்யும் வீடியோ. டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கட்டும். ஆறு மாதத்தில் ஒரு விரல் கூடுதலாக மடங்கினால் அது தெரியும்; எந்தப் பட்டியலின் டிக்கிலும் அது தெரியாது. அந்த வீடியோக்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றாமல் பள்ளியின் பூட்டிய கணக்கில் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆர்வக்கோளாறில் படம் பகிர்வது நம் நிர்வாகத்தின் தீராத வியாதி.

விழி அசைவுக் கேமராக்களை வாங்கிக் குவிப்பதைப் பற்றி ஒரு வரி. ஒரு பொத்தானைக்கூட அழுத்த இயலாத மாணவருக்கு அது அவசியம். அப்படிப்பட்டவர்களுக்கு அரசு வாங்கித் தரத்தான் வேண்டும். மற்றபடி, திறப்புவிழாவுக்கு அடுத்த வாரம் பீரோவுக்குள் போகும் கருவியைவிட ஒருங்குறியில் அடித்த வினாத்தாள் ஆயிரம் மடங்கு மேல்.

அதிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. என்விடிஏ இலவசம். சிபிஎஸ்இ 2018-இல் எழுதிய நிபந்தனைகள் கண்முன்னே உள்ளன. ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், சமூக அறிவியல் என்ற ஒரே பாடத்தை மட்டும், பூந்தமல்லி என்ற ஒரே மையத்தில் மட்டும், விரும்பும் மாணவர்கள் கணினியில் தாமே தட்டச்சு செய்ய அனுமதியுங்கள். வினாத்தாளை ஒருங்குறிக் கோப்பாகத் தாருங்கள். இணையத்தைத் துண்டியுங்கள். முடிந்ததும் விடைகளை அச்செடுத்து, மாணவரின் விரல்ரேகையோடு உறையிலிட்டு முத்திரை வையுங்கள். ஸ்கிரைப் வேண்டும் என்பவருக்கு ஸ்கிரைப் தொடரட்டும். ஆனால் முடிவு எதுவென்று இந்த ஜூன் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். விசைப்பலகையில் கை பழக அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு முழுக் கல்வியாண்டு வேண்டும்.